தண்ணீர் இறங்கியதும் தெரிந்த ஊர்: சேலம், மேட்டூர், ஏற்காடு பயணக் குறிப்புகள்

மே 4, 2024, சனி: சேலம்

மதியம் சேலம் ஜங்ஷனில் இறங்கினோம். முகம் கழுவலாம் என்று நடைமேடைக் குழாயைத் திறந்தால் வந்தது வெந்நீர். கரூர், ஈரோடு, வேலூர் என்று எந்த ஊர் அதிகம் கொதிக்கிறது என்ற போட்டியில் சேலமும் சளைக்காமல் நின்றுகொண்டிருந்த வாரம் அது. இந்த வெயிலில் யாராவது சேலத்துக்குச் சுற்றுலா போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாங்கள் பார்க்க வந்தது இந்த மாதிரி நேரத்தில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். கொஞ்சம் நஞ்சை உண்டு. பேப்பர் வந்தால் ராசிபலனுக்கு முன்னால் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்கிற குடும்பம். 120 அடி அணையில் போதுமான தண்ணீர் இருந்தால் ஜூன் 12 அன்று திறப்பார்கள், குறுவை உண்டு. இல்லாவிட்டால் போர்செட் வைத்திருப்பவனுக்குத்தான் விவசாயம். இந்த வருஷம் ஐம்பது அடியை ஒட்டி ஊசலாடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்து, "போச்சு" என்றார். விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள் தலையை நிமிர்த்தி, "அப்ப நந்தி தெரியும்ல அத்தை?" என்றாள்.

அவள் ஆஸ்திரியாவில், இன்ஸ்புரூக்கில், பனியாறுகளைப் பற்றிப் படிக்கிறாள். மலையில் வருஷக்கணக்காகப் பெய்த பனி இறுகிக் கட்டியாகி, தன் கனத்திலேயே மெல்லக் கீழே நகர்கிறதே, அதுதான் பனியாறு. பூமி சூடாக ஆக அது உருகிச் சுருங்குகிறது. உருகுகிற இடத்தில் எந்தக் காலத்திலோ மனிதர்கள் விட்டுப்போன சாமான்கள் தலைகாட்டுகின்றன. அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்த பெண்ணுக்கு, நம் ஊர் மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றினால் ஒரு கோயில் நந்தியும் ஒரு தேவாலயமும் வெளியே வருகின்றன என்றால் சும்மா இருக்க முடியுமா?

சாயங்காலம் வெயில் தணிந்ததும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போய் தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், பச்சைச் சட்னி ஒன்று, காரச் சட்னி ஒன்று. ஒரு செட் 30 ரூபாய். கடைக்காரர் சட்னியைத் தடவுகிற வேகத்தை நின்று பார்க்கலாம். வாயில் போட்ட மறுநொடியே தட்டுவடை நொறுங்கிவிட வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் நமத்துவிடும் என்று அதட்டினார். "போனை அப்பறம் பாருங்க, மொதல்ல சாப்புடுங்க."

அங்கேயே நின்றுகொண்டு அவள் ஓட்ஸியின் கதையைச் சொன்னாள். 1991 செப்டம்பர் 19 அன்று ஆஸ்திரிய-இத்தாலி எல்லை மலையில், 3,210 மீட்டர் உயரத்தில், ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு தம்பதி பனி உருகிய பள்ளத்தில் ஓர் உடல் குப்புறக் கிடப்பதைப் பார்த்தார்கள். சமீபத்தில் விழுந்து செத்த மலையேறி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மீட்க வந்தவர்கள் துளைக்கும் எந்திரத்தை வைத்துப் பனியை உடைத்ததில் உடம்பின் இடுப்பே சேதமாகிவிட்டது. கூடக் கிடந்த செப்புக் கோடாரியைத் தொல்லியல் பேராசிரியர் ஒருவர் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த ஆள் செத்து ஏறத்தாழ 5,300 வருஷம். எல்லையை அளந்து பார்த்ததில் சுமார் 92 மீட்டர் இத்தாலிப் பக்கம் கிடந்திருக்கிறான். அதனால் இப்போது போல்சானோ அருங்காட்சியகத்தில், மைனஸ் 6 டிகிரி அறையில், ஒரு சின்னச் சன்னல் வழியே காட்டுகிறார்கள்.

"அந்தச் சன்னல்ல நான் நெத்தியை வச்சுப் பாத்தேன் அத்தை. இப்ப அந்த ரூமுக்குள்ள போய் ஒக்காந்துக்கலாம்போல இருக்கு" என்றாள்.

பத்து வருஷம் கழித்து, 2001-இல், எக்ஸ்ரே எடுத்தபோதுதான் இடது தோளில் அம்பு முனை இருப்பது தெரிந்திருக்கிறது. பின்னாலிருந்து எய்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கொலைக் கதைதான் பிடித்திருந்தது. கடைக்காரருக்கு வேறு கவலை. "கடைசியா என்னங்க சாப்ட்டிருந்தாரு?" என்றார். மலையாட்டு இறைச்சியும் அதன் கொழுப்பும், மான்கறி, கோதுமையில் ஒரு பழைய வகை. வயிற்றுக்குள் இருந்ததை ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். "கொழுப்பு தின்னாத்தான் குளுரு தாங்கும்" என்று அவர் திருப்தியாகத் தலையசைத்தார்.

லாட்ஜில் ஏசிக்குத் தனியாக 400 ரூபாய். ராத்திரி இரண்டு முறை மின்சாரம் போயிற்று. பில்லிலிருந்து 400 ரூபாய் போகவில்லை.

மே 5, ஞாயிறு: மேட்டூர், பண்ணவாடி

டாக்சி ஓட்டிய அண்ணன் மேச்சேரிக்காரர். காலை ஆறரைக்கே கிளம்பச் சொன்னார். "பத்து மணிக்கு மேல ஏரிக்குள்ள நிக்க முடியாதுங்க." அணையைப் பாலத்திலிருந்து பார்த்ததோடு சரி. 1925-இல் கட்டத் தொடங்கி 1934-இல் முடித்த அணை. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைத்தான் நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். நிரம்பினால் 93.47 டிஎம்சி. நாங்கள் பார்த்தபோது கரையோரப் பாறைகளில் பழைய நீர்மட்டத்தின் வெள்ளைக் கோடு, எட்டாத உயரத்தில் இருந்தது.

கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி. அங்கிருந்து அக்கரையில் தருமபுரி மாவட்டத்து நாகமரைக்குப் பரிசல்துறை உண்டு. தண்ணீர் நிறைந்திருக்கும்போது கடல் மாதிரி இருக்குமாம். இப்போது துறைக்குப் போகவே வெகுதூரம் ஏரிப் படுகையில் நடக்க வேண்டும். படுகை சும்மாவும் கிடக்கவில்லை. தண்ணீர் பின்வாங்கிய இடமெல்லாம் எள்ளும் சோளமும் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் தண்ணீர் வராததால் பயிர் இல்லை, இங்கே தண்ணீர் போனதால் பயிர். இதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

நந்தியைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. பீடத்தோடு சேர்த்து ஆள் உயரத்துக்கு மேல், சுற்றிலும் எதுவுமில்லாத வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறது. நீர்மட்டம் எழுபது அடிக்குக் கீழே இறங்கினால் வெளியே வந்துவிடும் என்கிறார்கள். இன்னொரு பக்கம் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம், பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிய நிற்கிறது. அது நந்திக்கும் முன்னாலேயே தலையைக் காட்டிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம். நந்தியின் முதுகில் நாலு பையன்கள். கீழே யாரோ குங்குமம் வைத்துச் செவ்வரளி மாலை போட்டிருந்தார்கள். ஒரு குடும்பம் சாமி கும்பிட, அவர்கள் தலைக்கு மேலே ஒருத்தன் கால்களைத் தொங்கப் போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். மாங்காய்ப் பத்தை 20 ரூபாய், வெள்ளரிப்பிஞ்சு கட்டு 20, தண்ணீர் பாட்டில் மட்டும் 30. ஏரிக்குள் நின்றுகொண்டு தண்ணீருக்கு அதிக விலை கொடுத்ததை அவள் போட்டோவாகவே எடுத்துவைத்தாள்.

கூட்டத்தை விட்டுத் தள்ளி, வேலமர நிழலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பதுக்குப் பக்கம் இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார்.

"தஞ்சாவூரு சீமையா? எங்க ஊர முழுவ வெச்சுத்தான் உங்களுக்குத் தண்ணி."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, விலாசம் சொல்வதுபோல் சொன்னார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பிறப்பதற்கு முன்னாலேயே ஊர் காலியாகிவிட்டது. அப்பாயி சொல்லித்தான் தெரியுமாம். வண்டி கட்டி நெல்லு, அம்மிக்கல், கதவு நிலை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். கோயிலில் சாமியை எடுத்துக்கொண்டார்கள், நந்தி கனம், விட்டுவிட்டார்கள். "அப்பாயி சாவற மட்டும், தண்ணி எறங்குனா வந்து இங்கதான் ஒக்காரும். அந்தா அங்க எங்க ஊடு, அந்தா அங்க செக்குன்னு கைய காட்டும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, வெறும் சேறு. அதுக்குத் தெரியும்."

பிறகு அவளிடம் கேட்டார்: "நீ அளக்கற படிப்புன்னு சொல்றியே தாயி, எங்க ஊடு எங்க இருந்துச்சுன்னு கண்டுபுடிக்க முடியுமா?"

அணைக்கு முந்தைய நில அளவை வரைபடம் கிடைத்தால், நந்தி இருக்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம் என்று அவள் சொன்னாள். சும்மா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவரிடம் பேர், தாத்தா பேர், பேரனுடைய வாட்ஸ்அப் எண் எல்லாம் வாங்கிக்கொண்டு, நந்தி பீடத்தின் நாலு மூலையிலும் போய் நின்று போனில் குறித்துக்கொண்டாள்.

திரும்பும்போது குறுக்கு வழி என்று தண்ணீர் ஓரமாக நடந்தேன். மேலே வெடித்துக் காய்ந்த ஏடு, உள்ளே கொழகொழவென்று வண்டல். முழங்கால் வரை இறங்கிவிட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி தன் தொரட்டியை நீட்டி இழுத்து விட்டார். கால் வந்தது, இடது செருப்பு வரவில்லை. நார்வேயில் பனித்திட்டு ஒன்று உருகி, மூவாயிரம் வருஷத்துக்கும் பழைய தோல் செருப்பு ஒன்று கிடைத்திருக்கிறதாம். "இதுவும் கிடைக்கும் அத்தை, பிராண்டோட" என்றாள்.

அந்தப் பாட்டியின் ஆடுகளெல்லாம் மேச்சேரிச் செம்மறி, செந்நிறம், முடி குட்டை. கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தபோது அவள் போனை எடுத்து, ஒன்றும் சொல்லாமல், ஒரு படத்தைப் பாட்டியிடம் காட்டினாள். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு மரக்குச்சி. இரண்டு முனையிலும் கயிறு நழுவாமலிருக்கக் கழுத்துபோல் செதுக்கியிருந்தது. எனக்கு ஊதுகுழல் மாதிரித் தெரிந்தது. பாட்டி போனைத் தூரமாக நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"குட்டி வாயில கட்டற குச்சி. ஆத்தாகிட்ட பாலு குடிச்சிரும்ல, நமக்குப் பாலு வேணும்னா குறுக்கால வெச்சுப் பொடணியில கட்டி வுடுவோம். புல்லு மேயும், ஊட்ட முடியாது. எதுக்கு இத போட்டோ புடிச்சு வெச்சிருக்க?"

அவள் துள்ளிக் குதித்ததைப் பார்த்து இரண்டு ஆடு மிரண்டு ஓடியது. நார்வேயில் லெண்ட்பிரீன் என்று ஒரு மலைக்கணவாய். அங்கே பனி உருகியபோது கிடைத்த குச்சி அது. தொல்லியலாளர்களுக்கு அது என்ன என்று புரியவில்லை. அருங்காட்சியகத்தில் வைத்திருந்தபோது பார்க்க வந்த ஓர் உள்ளூர்ப் பாட்டி, இது ஆட்டுக்குட்டிக்குக் கட்டுவதுதானே, 1930-களில் எங்கள் பண்ணையில் இருந்ததே என்றாராம். கரிமக் கணிப்பில் அந்தக் குச்சிக்கு வயது ஏறத்தாழ ஆயிரம். பதினோராம் நூற்றாண்டு. நம் ஊரில் கங்கைகொண்ட சோழபுரம் எழுந்த காலத்தில், அங்கே யாரோ ஒருத்தர் குட்டி பால் குடிக்காமலிருக்கச் ஜூனிபர் புதர்க் குச்சி சீவிக்கொண்டிருந்திருக்கிறார்.

டாக்சியில் மீதிக் கதை. அந்தக் கணவாயில் கிடைத்தவை ஆயிரத்துச் சொச்சம் வருஷப் போக்குவரத்தின் மிச்சம். குதிரை லாடம், குதிரைக்குக் கட்டும் பனிச்செருப்பு, சறுக்குவண்டித் துண்டு, கி.பி. 300 வாக்கில் நெய்த முழுக் கம்பளிச் சட்டை, சாணி. 2020-இல் வெளியான ஆய்வில், கி.பி. 300-இலிருந்து 1500 வரை அந்த வழி புழக்கத்தில் இருந்தது, 1000 வாக்கில் உச்சம் என்று கணித்திருக்கிறார்கள். ராஜாக்கள் போன பாதை இல்லை அது. கோடையில் மலைமேல் மாடு மேய்க்கப் போனவர்களும், வெண்ணெயும் தோலும் விற்கப் போனவர்களும் நடந்த வழி. கல்வெட்டில் இவர்கள் பெயர் வராது. பனி மட்டும்தான் எடுத்து வைத்திருக்கிறது. அதுவும் வெளியே வந்ததும் வெயிலிலும் காற்றிலும் கெட ஆரம்பித்துவிடும் என்பதால், ஆண்டுதோறும் கோடைக் கடைசியில், புதுப்பனி விழுவதற்குள், ஓட்டமாக ஓடிப் பொறுக்குகிறார்கள். பொறுக்கியவனுக்கு அது வெறும் குச்சி. அது என்ன என்று சொல்ல ஒரு பாட்டி வேண்டியிருக்கிறது.

மதியம் அணைக்குப் பக்கத்துக் கடையில் கட்லா வறுவல், துண்டு 60 ரூபாய். மிளகாய்த்தூள் தாராளம். கூடக் கொஞ்சம் பார்சல் கேட்டதும் வாழையிலையில் வைத்து மேலே செய்தித்தாளைச் சுற்றினார்கள். அதைப் பார்த்ததும் இன்னொன்று சொன்னாள். 1966 ஜனவரி 24 அன்று ஏர் இந்தியாவின் கஞ்சன்ஜங்கா விமானம் பிரான்சின் மோன் பிளாங்க் மலையில் மோதியது. 117 பேர் இறந்தார்கள். அணு விஞ்ஞானி ஹோமி பாபா அதில்தான் போனார். 2020-இல் அந்த மலையின் போசோன் பனியாறு உருகிய இடத்தில் ஒரு கட்டு இந்தியச் செய்தித்தாள்கள் கிடைத்தன. காயவைத்தால் படிக்கலாம், அந்த நிலையில். இந்திரா காந்தி பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி முதல் பக்கத்தில். உச்சியில் விழுந்ததைப் பனியாறு ஐம்பது வருஷத்துக்கு மேல் சுமந்துகொண்டு வந்து கீழே போட்டிருக்கிறது. மீன் கடைக்காரர், "நம்ம பேப்பரு நாலு நாளு தாங்காதுங்க" என்றார்.

மே 6, திங்கள்: ஏற்காடு

நாளையிலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். அதனால் பாதித் தமிழ்நாடு இ-பாஸ் இல்லாத மலைக்குத் திரும்பிவிட்டது போலிருக்கிறது. விடுதியில் அறை வாடகை, போனில் சொன்னதைவிட 700 ரூபாய் கூடுதல். கேட்டதற்கு, "சீசன்ங்க" என்று சிரித்தார். பல்வரிசை அழகாக இருந்தது, வேறென்ன சொல்ல.

இருபது கொண்டை ஊசி வளைவு. போன வாரம்தான் இந்தச் சாலையில் ஒரு தனியார் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் போயின. அந்த இடம் வந்ததும் எங்கள் பேருந்தில் பேச்சு நின்றது. ஓட்டுநர் ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டே வளைத்தார். மேலே போனதும் காற்று மாறியது. நாலு மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. சேலத்துக்காரர்கள் குடையைப் பிரிக்காமல் வேண்டுமென்றே நனைந்தார்கள்.

இங்கே நான் பார்க்க விரும்பியது ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கல்லறையை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1863 மே 30 அன்று சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்து, இது மனிதன் செதுக்கிய கோடாரி என்று கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது அப்படித்தான் தெரிய வந்தது. ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில்தான் குடியிருந்தார். 1912-இல் கல்கத்தாவில் இறந்தார், சாம்பலை இங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர் என்றால் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். அவரும் கடைசியில் ஏற்காடுதான்.

தேவாலயத்துக்குப் போனால் வாயில் பூட்டியிருந்தது. மழை. சாவி வைத்திருப்பவர் சேலம் போயிருப்பதாகப் பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். கம்பிக்கதவுக்கு வெளியே குடைக்குள் ஒண்டிக்கொண்டு எட்டிப் பார்த்ததோடு முடிந்தது. டீக்கடையில் மிளகாய் பஜ்ஜி, தட்டு 40 ரூபாய், அந்த மழைக்கு அமிர்தம். அங்கே உட்கார்ந்து இவள் ஃபூட்டுக்காகப் பரிதாபப்பட்டாள்.

"பாவம் அத்தை, ஆயுசு பூரா அவருக்குக் கிடைச்சதெல்லாம் கல்லும் பானை ஓடும்தான்."

ஓட்ஸியின் கோடாரிக்குப் பிடி இருக்கிறது. மரப்பிடி, செம்பு இலை, இரண்டையும் சேர்த்துச் சுற்றிய தோல் வார், ஒட்டிய பிசின், எல்லாம் இருக்கிறது. வில் பாதி செதுக்கிய நிலையில் இருக்கிறது. செருப்புக்குள் குளிருக்குத் திணித்த புல்கூட இருக்கிறது. நம் ஊர் மண்ணில் இதெல்லாம் எங்கே நிற்கும்? செம்மண், மழை, கறையான். கல்லை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தின்றுவிடும்.

எல்லாப் பனியும் இப்படிக் காப்பாற்றாது என்றும் சொன்னாள். நகர்கிற பனியாறு உள்ளே விழுந்ததை அரைத்துவிடும். ஓட்ஸி ஒரு பாறைப் பள்ளத்தில் கிடந்ததால் பனியாறு அவன் தலைக்கு மேலே போய்விட்டது என்றுதான் முதலில் சொன்னார்கள், அதை இப்போது சில ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். நகராமல் ஒரே இடத்தில் கிடக்கிற பனித்திட்டுதான் நல்ல பெட்டகம். கனடாவின் யூக்கானில் 1997-இல் ஆட்டு வேட்டைக்குப் போன ஒரு தம்பதிக்கு முதலில் தெரிந்தது சாணி நாற்றம். கரிபூ மான்களைப் பார்த்து வெகுகாலமாகிவிட்ட மலையில், உருகும் பனித்திட்டைச் சுற்றிக் குவியல் குவியலாகக் கரிபூச் சாணி. அதற்குள் நாலாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட எறியீட்டிக் கம்பு ஒன்று. கோடையில் ஈத்தொல்லை தாங்காமல் மான்கள் பனிமேல் ஏறி நிற்கும், அங்கே போய் வேட்டையாடியிருக்கிறார்கள். வேட்டையின் கதை சாணியில் பத்திரமாக இருந்திருக்கிறது. பஜ்ஜி தின்னும்போது கேட்க வேண்டிய கதையில்லைதான்.

மே 7, செவ்வாய்: சேர்வராயன் மலை

காலையில் சேர்வராயன் கோயில். 5,326 அடி. உச்சி என்று சொன்னாலும் மேசைபோல் தட்டையான புல்வெளி. கோயில் என்பது ஒரு குகை. குனிந்து போக வேண்டும், இருட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். உள்ளே சேர்வராயனும், கூடவே காவிரி அம்மனும். இது எனக்குத் தெரியாது. மேட்டூரில் அப்படிக் கிடக்கிறவள் இங்கே மலையுச்சிக் குகையில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நீடாமங்கலத்துக்காரி என்ன வேண்டிக்கொள்வாள் என்று சொல்ல வேண்டியதில்லை. பூசாரி தீபத்தைக் காட்டி, "மழ வரும்" என்றார். எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறார் என்று வெளியே வந்தபிறகு தெரிந்தது.

இந்த மலையின் செம்புறாங்கல் மேலோட்டில் பாக்சைட் உண்டு. ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் வெட்டிக்கொண்டு போனார்கள்.

அங்கிருந்து ஜீப்பில் மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர் ஒன்றுக்குப் போனோம். ஊர்ப்பேரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை, ஏன் என்று கீழே தெரியும். காப்பித் தோட்டத்து ஓரம், பலாமரத்தடியில், கூரை இல்லாத ஒரு பிள்ளையார். அவர் முன்னால் வரிசையாக வழவழப்பான கருங்கல் துண்டுகள். ஒரு முனை கூர், ஒரு முனை மொட்டை. உள்ளங்கைக்குள் அடங்கும். புதிய கற்காலத்துக் கோடாரிகள், ஆயிரக்கணக்கான வருஷம் பழையவை. எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கருகருவென்று பளபளத்தன. ஒன்றை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டு, கையில் வைத்தேன். எதிர்பார்த்ததைவிடக் கனம். விளிம்பில் விரலை ஓட்டினால் இன்னும் கூர் தெரிகிறது. நடுவில் ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பாக இருந்தது. அங்கேதான் பிடி இருந்திருக்கும் என்றாள் இவள்.

ஏர் ஓட்டும்போதும் மழை அரித்தபிறகும் மேலே வருமாம். கிடைத்தால் பிள்ளையாரிடம் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. முன்பு இன்னும் நிறைய இருந்ததாம். காரில் வந்தவர்கள் யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்றார் பூசை செய்யும் அம்மா. ஊர்ப்பேர் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இதை அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்று இவள் கட்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் தேதி தெரியும், யாரும் தூக்கிப்போக மாட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எண்ணெய் ஊற்ற ஆள் இருக்கிறவரை இங்கேயே இருக்கட்டும், படமெடுத்து அளந்து பதிவு செய்தால் போதாதா என்றேன். ஜீப் கீழே இறங்கும்வரை சண்டை. ஜீப்காரர் எங்கள் இருவரையும் கண்ணாடியில் பார்த்து, வாடகையில் 200 ரூபாய் குறைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை.

மே 8, புதன்: மறுபடி சேலம்

மாம்பழம் வாங்கினோம். இந்த வருஷம் வெயிலில் பிஞ்சு உதிர்ந்து வரத்து குறைவு என்றார் கடைக்காரர். இமாம் பசந்த் கிலோ 220 ரூபாய், சேலம் குண்டு 120. பேரம் பேசினால் பழத்தைத் திரும்ப எடுத்து அடுக்குகிறார்.

ரயிலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்தது. இவள் விடவில்லை. பெரியவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாளாம். பழைய வரைபடம் கிடைக்கும் என்று சொன்னார்கள் என்று ஓர் அரசு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதல் மேசையில் இரண்டாவது மேசைக்குப் போகச் சொன்னார்கள், இரண்டாவதில் மாடிக்கு. மாடியில் ஃபேனுக்கு நேர் கீழே ஒருத்தர், நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள், தேடிப் பார்க்கிறோம் என்று தாளும் அவரே கொடுத்தார். எழுதிக் கொடுத்ததும் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"கிராமம் எழுதியிருக்கீங்க. இப்ப அது எந்தப் பஞ்சாயத்துல வருது?"

"தண்ணிக்குள்ள வருது சார்" என்றாள்.

அவர் யோசித்தார். "அப்பிடிப் போட முடியாதும்மா. 'மேட்டூர் நீர்த்தேக்கம்'னு போட்டுருங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டணும், கீழ விப்பாங்க."

கீழே போனோம். ஸ்டாம்ப் விற்கிறவர் சாப்பிடப் போயிருந்தார்.